விலைப்பட்டியலில் இல்லாத வரி

மார்ச் 3

விற்பனை அலுவலர் அவர்களுக்கு,

இதை மனைவியின் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கார் வாங்க நினைக்கும் ஒரு வாடிக்கையாளர் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நாம் எதைப் பேசினாலும் சண்டையில் போய் நிற்கிறது. நீங்கள் குரலைத் தாழ்த்தி, "நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளு" என்று தொடங்கினாலே எனக்கு எதையோ விற்கப் போகிறீர்கள் என்று தெரிந்துவிடும். காகிதத்தில் உங்களுக்குக் குரல் கிடையாது. அதனால்தான் காகிதம்.

விஷயம் இதுதான். பழைய வண்டி பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கிறது. பரிசோதனைக்கூடத்தில் இப்போது ஊருக்கு வெளியே இருக்கும் வீடுகளையும் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்றுதான் பயணப்படி; தூரத்துக்குக் கிடையாது. காலையில் வெறும் வயிற்றோடு காத்திருக்கும் ஒருவரிடம் ரத்தம் எடுக்க ஊரின் ஒரு கோடிக்குப் போய், அடுத்தவருக்காக மறு கோடிக்கு ஓடுகிறேன். சம்பளத்தில் பாதி வண்டியின் வயிற்றுக்குள் போகிறது. போதாததற்கு வழியில் நின்றும் விடுகிறது. மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: நம்பகமான வண்டி இல்லையென்றால் அடுத்த மாதத்திலிருந்து கவுண்டரில் உட்கார வேண்டியதுதான். ஜன்னல் இல்லாத அந்த அறையில் கையை நீட்டுபவர்களின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. எனக்கு அது வேண்டாம்.

பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் அந்தச் சின்ன வண்டிதான் எனக்குச் சரிப்படும். இங்குள்ள ஷோரூமுக்குப் போனேன். கம்பெனி அச்சடித்த விலைப்பட்டியலைக் கொடுத்தார்கள். அதன் அடியில் பேனாவால் இன்னொரு வரி எழுதியிருந்தது: "சந்தை நிலவரத் தொகை." வண்டி விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வரும். இது யாருக்குப் போகிறது என்று கேட்டேன். எல்லா ஊரிலும் இருப்பதுதான் என்றார்கள். நான் கேட்டது அதையல்ல.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். அந்த வரி நியாயமானதா? கொடுக்க முடியாது என்று சொல்லலாமா? சொன்னால் வண்டி தருவார்களா?

வாடிக்கையாளர்.

*

மார்ச் 8

ஊசிக்கு,

ரத்தம் எடுக்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டதால் உனக்கு நான் வைத்த பெயர் இது. கடிதத்தைப் படித்த பிறகு பெயர்ப் பொருத்தத்தை நினைத்து எனக்கு நானே கைகுலுக்கிக்கொண்டேன். பத்து வருடமாக என்னை நீ, வா, போ என்று பேசியவள் முதல் வரியிலேயே 'அவர்களுக்கு' என்கிறாய். அந்த 'நீங்கள்' ஒவ்வொன்றும் சுருக் சுருக்கென்று ஏறியது. சரி, வாடிக்கையாளரே, பதில் சொல்கிறேன்.

அந்த வரி நியாயம் இல்லை. அது கம்பெனி போட்டது கிடையாது; ஷோரூம்காரன் போட்டது. வண்டி குறைவாக வருகிறது, கேட்பவர்கள் அதிகம், அவசரப்படுகிறவர்களிடம் பிடுங்குகிறான். நாங்களும் அதைத்தான் செய்கிறோம். எங்கள் மேனேஜர் பச்சைப் பேனாவில் எழுதுவார். பச்சை என்றால் மனசு உறுத்தாதாம்.

முடியாது என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் சொல்லும்போது உனக்கு அவசரமே இல்லாதது போல் இருக்க வேண்டும். வேலை உடையில் போகாதே. பழைய வண்டி வழியில் நிற்பதைச் சொல்லாதே. மாதத் தவணை எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்டால் வாயைத் திறக்காதே. மொத்த விலையை மட்டும் பேசு. விற்பவன் "மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்து போவான். உள்ளே போய் அவன் மேனேஜரிடம் ஒன்றும் கேட்கமாட்டான். டீ குடிப்பான். நீ காத்திருந்து களைத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். பெயின்ட் கோட்டிங், தரைவிரிப்பு, அவர்கள் சொல்லும் இன்சூரன்ஸ் எதற்கும் தலையாட்டாதே. முக்கியமாக மச்சானைக் கூட்டிக்கொண்டு போகாதே. உன் அண்ணன் நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் வாயில் எதுவும் தங்காது.

இங்கே எனக்கு நாள் போகிறது. சலவைக்கடைக்கு மேலே இருக்கும் அறை. காலையில் இஸ்திரிப் பெட்டியின் ஆவி ஜன்னல் வழியாக வந்து என் சட்டை தானாகவே சுருக்கம் நீங்குகிறது. சாப்பாடு எதிரே இருக்கும் மெஸ்ஸில். பேச ஆள் இல்லை என்று சொல்ல முடியாது, நாள் பூராவும் பேசுவதுதானே வேலை. பேசி முடித்து அறைக்கு வந்தால் என் குரலே எனக்குப் பிடிப்பதில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. இங்கே ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டு அறை, நல்ல வெளிச்சம், பக்கத்துத் தெருவிலேயே ஒரு பெரிய பரிசோதனைக்கூடம் இருக்கிறது. அங்கே விசாரித்தேன், ஆள் எடுக்கிறார்கள். சும்மா சொல்லி வைக்கிறேன்.

உன் விற்பனை அலுவலர்.

*

மார்ச் 15

விற்பனை அலுவலர் அவர்களுக்கு,

அண்ணனைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். பழைய வண்டி கிளம்பவில்லை, அவர் வண்டியில்தான் போக வேண்டியிருந்தது. வாசலில் வைத்து, "உள்ள வந்து ஒண்ணும் பேசாத" என்று சத்தியம் வாங்கினேன். விற்பனையாளர் குடிக்க ஏதாவது கொண்டுவரவா என்று கேட்டார். அதற்குள் அண்ணன், "அதெல்லாம் வேணாம் தம்பி, இவளுக்கு வண்டி இல்லாம வேலையே போயிடும் போல இருக்கு, சீக்கிரம் ஒண்ணு பாத்துக் குடுங்க" என்று முடித்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அவசரமில்லாதவள் போல் எப்படி உட்காருவது? பேனா வரி ஒரு பைசா குறையவில்லை. தரைவிரிப்பும் சேர்ந்துகொண்டது. அண்ணன் டெஸ்ட் டிரைவ் போய்விட்டுத் திரும்பி வந்து, வண்டி வெண்ணெய் மாதிரி போகிறது என்று அவர்கள் பக்கம் நின்று எனக்கே எடுத்துச் சொன்னார்.

இது சிரிக்க வேண்டிய விஷயம்தான். நானும் வீட்டுக்கு வந்து சிரித்திருப்பேன். ஆனால் கடைசியில் அந்தப் பையன் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, குரலை இறக்கி, "முடிவு உங்களோடதுதாங்க, நான் சும்மா சொல்றேன்" என்றான்.

வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். போன வருடம் நம் சமையலறையில், நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, இதே குரலில் இதே வார்த்தைகளில் மாற்றல் பற்றிச் சொன்னீர்கள். முடிவு என்னுடையதுதான் என்றீர்கள். அன்றைக்கே நீங்கள் கையெழுத்துப் போட்டு, அங்கே வீட்டுக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது என்று எனக்கு மறுநாள் வீட்டுக்காரர் போன் செய்தபோதுதான் தெரிந்தது. நான் வரவில்லை என்றதும் அந்த முன்பணம் போனது. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போனது பணம் என்று மட்டும் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போது மறுபடியும் வீடு பார்த்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு வேலையும் விசாரித்து வைத்திருக்கிறீர்கள். சும்மா.

வியாழக்கிழமை வண்டி நடுவழியில் நின்றுபோனது. பின்சீட்டில் ஐஸ் பெட்டிக்குள் ஏழெட்டு வீட்டு ரத்தம். வெயில். நான் ஆள் பிடித்து, வேறு வண்டி பிடித்துப் பரிசோதனைக்கூடம் போய்ச் சேர்ந்தபோது பாதி மாதிரிகள் கெட்டுவிட்டன. ஒரு பெரியவர் இருக்கிறார், கையில் நரம்பே கிடைக்காது. அன்று காலை அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கஷ்டப்பட்டு ஒரு குழாய் எடுத்திருந்தேன். மறுநாள் திரும்பப் போய் இன்னொரு முறை குத்த வேண்டும் என்றேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

எனக்கு உடனே ஒரு வண்டி வேண்டும். வீடு வேண்டாம்.

*

மார்ச் 20

ஊசிக்கு,

உன் கடிதத்தை வேலைக்கு நடுவில் படித்திருக்கக் கூடாது. அன்றைக்கு முழுவதும் யாரிடமும் 'முடிவு உங்களோடது' என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு வண்டியும் விற்கவில்லை.

நான் ஒன்று சொல்லலாமா? என்னுடைய பேச்சு என் தொழில். ஊசி உன்னுடைய தொழில். நீ வீட்டில் யாரையும் குத்துவதில்லை என்று நினைக்கிறாயா? நான் ஒன்று சொன்னால் அதில் எங்கே பொய் இருக்கிறது என்று ரப்பர் பட்டையைக் கட்டித் தட்டித் தட்டிப் பார்க்கிறாய். மாற்றல் கிடைத்தால் சம்பளம் கூடும், உனக்கு அலைச்சல் குறையும் என்றுதான் கையெழுத்துப் போட்டேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அதனால் கேட்கவில்லை. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

அது போகட்டும். நல்ல சேதி. நீ கேட்ட அதே வண்டி எங்கள் ஷோரூமில் ஒன்று வந்திருக்கிறது. யாரோ புக்கிங்கை ரத்து செய்துவிட்டார்கள். அச்சடித்த விலை மட்டும். பச்சைப் பேனா படாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். மேனேஜரிடம் பேசிவிட்டேன். மண் நிறம். உனக்குப் பிடிக்காது, ஆனால் அழுக்குத் தெரியாது. வருகிற சனிக்கிழமை, இருபத்தெட்டாம் தேதி, பஸ்ஸில் வந்தால் வண்டியை நீயே ஓட்டிக்கொண்டு போகலாம். வங்கிக் கடனுக்கான காகிதங்களை மறக்காதே.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மெஸ்ஸில் வேண்டாம், வேறு இடம் பார்க்கிறேன்.

*

மார்ச் 24

சனிக்கிழமை வருகிறேன்.

நேற்று உங்கள் ஷோரூமுக்கு யாரோ போல் போன் செய்து கேட்டேன். அந்த வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். நிறையப் பேர் வரிசையில் இருக்கிறார்களாம்.

ஒரே ஒரு கேள்வி. வேறு யாருடைய முறையாவது இதில் போகிறதா? ஆம், இல்லை, ஏதாவது ஒன்று எழுதினால் போதும்.

*

மார்ச் 26

இல்லை. யாருடைய முறையும் போகவில்லை. நிம்மதியாக வா.

*

மார்ச் 29

நடுராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கியதும் எழுதுகிறேன். நீ இந்நேரம் நான் மேஜைமேல் வைத்துவிட்டு வந்த சாவியைப் பார்த்துக்கொண்டிருப்பாய், அல்லது அதை யாருக்காவது விற்றிருப்பாய்.

'நீங்கள்' போய்விட்டது, கவனித்தாயா? மரியாதையாகக் கோபப்பட என்னால் இனி முடியாது.

நீ சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, கடன் காகிதங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். நான் சோபாவில் இருந்தேன். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு அம்மா உள்ளே வந்தார். முட்டிவரை சேறு, கம்பளத்தில் படாமல் இருக்க ஓரமாகவே நடந்து வந்து வரவேற்பில் நின்றார். கால்நடை டாக்டராம். பண்ணை பண்ணையாகப் போகிறவர். முழங்கால் தேய்ந்துவிட்டது, கிளட்ச் மிதிக்க முடியவில்லை, அதனால்தான் கியர் இல்லாத இந்த வண்டிக்குப் போட்டேன், என் முறை இந்த மாதம் என்றீர்களே என்று பொறுமையாகக் கேட்டார். வரவேற்பில் இருந்த பெண் உள்ளே எட்டிப் பார்த்து உன்னைக் கூப்பிட்டாள்.

நீ வந்தாய். என்னை ஒரு தடவை பார்த்தாய். அப்புறம் அவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, "கம்பெனியிலேருந்தே வண்டி வரலைங்க டாக்டர். எங்க கையில ஒண்ணும் இல்ல. வந்தா முதல் வண்டி உங்களுக்குத்தான்" என்றாய்.

மண் நிற வண்டி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிப்பனோடு நின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்து, "இது வேற யாருக்கோ போல" என்றார். "ஆமாங்க" என்றாய். அவர் என் கையிலிருந்த சாவியைப் பார்த்துவிட்டு, நல்ல வண்டிம்மா, பத்திரமா ஓட்டுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போதும் ஓரமாகவே போனார்.

நீ சொன்ன பொய் எனக்குப் புதிதில்லை. உன் முகம்தான் புதிது. கொஞ்சம்கூட மாறவில்லை. வீட்டில் என்னிடம் பேசும்போது நான் பார்க்கும் அதே அன்பான முகம். இத்தனை வருடம் எந்த முகத்தை நம்பினேன் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை.

*

ஏப்ரல் 2

உனக்காகத்தான் செய்தேன்.

ஒரு பெரியவரை இரண்டாம் முறை குத்தியதற்கு நீ அழுதிருக்கிறாய் என்று கடிதத்தில் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரிந்தது. உனக்கு ஒரு வண்டி கிடைக்க என் வேலையைப் பணயம் வைத்து மேனேஜரிடம் கெஞ்சினேன். அந்த டாக்டர் இன்னும் இரண்டு மாதம் காத்திருந்தால் குடி முழுகாது. உலகத்தில் எல்லோரும் தன் ஆளுக்குத்தான் முதலில் செய்வார்கள். உன் அண்ணன் செய்யமாட்டாரா?

நீ சாவியை வைத்துவிட்டுப் போனதை ஷோரூம் முழுக்கப் பார்த்தது. ஒருத்தன் என்னிடம், "வீட்டுக்காரம்மாவுக்கு கலர் பிடிக்கலையா சார்" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

*

ஏப்ரல் 5

எனக்காகச் செய்வதாக இருந்தால் எனக்குத் தெரிந்து செய்திருக்க வேண்டும். நான் எழுதிக் கேட்டேன். நீ எழுதியே பொய் சொன்னாய். காகிதத்தில் குரல் இல்லை என்று நம்பியது என் தப்பு.

என்னைக் கவுண்டரில் போட்டுவிட்டார்கள். ஒரு மாதம் பார்ப்பார்களாம். காலை முழுவதும் கைகள் வருகின்றன, போகின்றன. நரம்பு கிடைக்காத அந்தப் பெரியவரிடம் வேறு பெண் போகிறாள். அவரிடம் மீன்பிடிப்பதைப் பற்றிக் கேட்டால் கை தளர்ந்துவிடும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இனி வண்டி விஷயமாக எழுத வேண்டாம். நானே பார்த்துக்கொள்கிறேன்.

*

ஏப்ரல் 11

ஊசிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதைப் படிக்காமல் போட்டுவிடுவாயோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன். வேறு யார் மூலமாவது உனக்குத் தெரியவருவதற்கு முன் நானே சொல்ல வேண்டும்.

நீ போன பிறகு அந்த வண்டி யாருக்கும் இல்லாமல் நின்றது. டாக்டரைக் கூப்பிடலாம் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர், "அவங்களுக்குத்தான் வண்டி வரலைன்னு சொல்லியாச்சே. அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு விலைப்பட்டியலை எடுத்துப் பச்சைப் பேனாவால் ஒரு வரி எழுதி என்னிடமே கொடுத்தார். எனக்கென்று கொடுத்திருந்த சலுகை போனதில் அவருக்கு லாபம்தான். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. அந்தப் பையன் கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்து, எப்படியோ சமாளித்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்துகொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளிவிட்டால் விழுந்துவிடுவான். அந்த இடத்தில் சொல்ல வேண்டிய வாக்கியம் எது என்று உனக்கே தெரியும்.

என் வாய் வரை வந்துவிட்டது. உன்மேல் எனக்கு அப்போதும் கோபம் தீரவில்லை. நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. அந்தக் கோபத்தில்தான் காகிதத்தை அவர்கள் பக்கம் திருப்பி, "இந்தக் கடைசி வரி கம்பெனி போட்டது இல்லைங்க, நாங்க போட்டது. இந்த வண்டிக்கு ஏற்கெனவே ஒருத்தர் காத்திருக்காங்க" என்றேன். அந்த ஜோடி எழுந்து போய்விட்டது. 

மேனேஜர் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. உடம்பு சரியில்லையா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்றெல்லாம் கேட்டார். அவர் எதிரிலேயே டாக்டருக்குப் போன் போட்டு, வண்டி வந்திருக்கிறது, போன முறை நான் சொன்னது பொய் என்றேன். அந்தப் பக்கம் ஒரு மாடு கத்தியது. அப்புறம், "நான் வர்ற வரைக்கும் அங்கேயே இருப்பீங்களா?" என்று கேட்டார். இருந்தேன். புக்கிங் ரசீதோடு பூட்ஸோடு வந்து நின்றார். இந்தத் தடவை கம்பளத்தின் நடுவிலேயே நடந்து வந்தார். கம்பெனிக்கு எழுதுவாரோ என்ற பயத்தில் மேனேஜர் அச்சடித்த விலைக்கே கொடுத்தார். என்னை இந்த மாதம் முடிந்ததும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இதற்காக நீ என்னைப் பாராட்ட வேண்டும் என்று எழுதவில்லை. இன்னொரு விஷயம் இருக்கிறது.

டாக்டர் தன் பழைய காரை ஷோரூமில் மாற்றுவதாக இருந்தார். எங்கள் ஆட்கள் சொன்ன விலையைக் கேட்டு, அதற்கு மாட்டுக்கே கொடுத்துவிடலாம் என்று திரும்ப ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நேராக யாருக்காவது விற்கலாம் என்று நினைக்கிறார். உன்னைப் பற்றிச் சொன்னேன். அன்று சோபாவில் இருந்த பெண், சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டாள் என்றதும் அவருக்குப் புரிந்தது. வந்து பார்க்கட்டும் என்றார்.

நான் அந்தக் காரை ஓட்டிப் பார்த்தேன். சொல்கிறேன். கிளட்ச் கல் மாதிரி இருக்கிறது; அவர் முழங்காலுக்கு அதுவும் ஒரு காரணம், உன் முழங்காலும் வலிக்கும். பின்னால் இடதுபக்க ஜன்னல் இறங்காது. பின்சீட்டுப் பெல்ட்டை ஒரு நாய் பாதி தின்றிருக்கிறது. ஆட்டு வாடை இருக்கிறது; மழை பெய்தால் அதிகமாகும், போகவே போகாது. ஏ.சி. சத்தம் போடும், குளிராது. உன் ஐஸ் பெட்டிக்கு இரண்டு மடங்கு ஐஸ் வேண்டும். இன்ஜின் பெல்ட்டை இந்த வருடத்துக்குள் மாற்றியே ஆக வேண்டும், அது பெரிய செலவு. நிறைய ஓடிய வண்டி, எவ்வளவு என்று அவரே காட்டுவார். வழியில் நின்றதில்லை என்று அவர் சொல்கிறார், எனக்குத் தெரியாது. நீ ஆசைப்பட்ட புது வண்டி அளவுக்கு மைலேஜ் தராது. உன் பழைய வண்டி குடிப்பதில் பாதிதான் குடிக்கும். அதை நானே அளந்து பார்த்தேன்.

நம்ம தெரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வா. டாக்டரின் விலாசம் பின்பக்கம். நான் அங்கே இருக்கமாட்டேன். இருந்தால் பேசிவிடுவேன்.

*

ஏப்ரல் 19

உனக்கு,

வண்டி வாங்கிவிட்டேன். மெக்கானிக் அண்ணன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, நீ எழுதாத ஒரு குறையைக் கண்டுபிடித்தார்: வலது பக்க முன் டயர் ஓரத்தில் தேய்கிறது. அது உனக்குத் தெரியாமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இப்படி நினைக்க முடிகிறதே என்பதே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமையிலிருந்து திரும்ப வீடுகளுக்குப் போகிறேன். மேற்பார்வையாளர் அம்மா காருக்குள் தலையை விட்டு மோந்து பார்த்துவிட்டு, நோயாளிகளை இதில் ஏற்றுவதில்லையே என்று உறுதிப்படுத்திக்கொண்டார். பெரியவர் வீட்டில், போன வாரம் வந்த பெண்ணுக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று புகார் செய்தார். முதல் குத்திலேயே கிடைத்துவிட்டது.

இனி உன்னைப் பற்றி.

டாக்டர் எனக்குக் காபி கொடுத்தார். நீ போன வாரம் நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்காமல் பேசினாயாம். தன்னுடைய முறையை எதற்காக எனக்கு எடுத்துக் கொடுத்தாய் என்று அவர் கேட்டதற்கு, "அவளுக்கு வண்டி வேணும்ங்கிறது நிஜம்தான். ஆனா ஒரு நாளாவது அவ என் ஊருக்கு வரணும்னு இருந்துச்சு" என்று சொன்னாயாம். டாக்டருக்கு இதை என்னிடம் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டுக் கன்றுக்குட்டியைப் பார்க்கப் போவதாக எழுந்து போய்விட்டார்.

எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை. இதை நீ எனக்கு எழுதியிருந்தால் நான் பஸ் ஏறி வந்திருப்பேன். வண்டி இல்லாமலேயே வந்திருப்பேன். வந்து சண்டை போட்டிருப்பேன், அது வேறு. நீ எதையும் கேட்பதில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவேன் என்று முன்கூட்டியே பயந்து, நான் ஆம் என்று சொல்வதற்கான ஏற்பாட்டை எல்லாம் முடித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாய். இல்லை என்று சொல்லவும் எனக்கு இடம் வேண்டும். அந்த இடம் இருந்தால்தான் நான் சொல்லும் ஆம் என்னுடையது.

உனக்கு வேலை போய்விட்டது. எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெருமையாகவும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அதை இந்தக் கடிதத்தில் அதிகம் எழுதப் போவதில்லை. நீ அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவாய்.

அடுத்து என்ன செய்யப் போகிறாய்? முடிவெடுத்துவிட்டு எனக்குச் சொல்லாதே. முடிவெடுப்பதற்கு முன்னால் சொல்.

*

ஏப்ரல் 23

உனக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் நடுவில் எங்கோ விற்க ஆரம்பித்திருந்தேன்.

எனக்கு முன்னால் இப்போது இரண்டு வேலை இருக்கிறது.

இங்கே நெடுஞ்சாலைப் பக்கம் இன்னொரு ஷோரூம். வேறு கம்பெனி. பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அங்கேயும் ஒரு பேனா இருக்கும். நான் மாட்டேன் என்று எவ்வளவு நாள் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியாது. இந்த ஊரில் நான்கைந்து பேர் இப்போதுதான் பழக்கமாகியிருக்கிறார்கள், மெஸ்காரர் உட்பட. இதை விட்டு வர எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

நம்ம ஊரில் ஒரு சர்வீஸ் சென்டர். வண்டியை விட வருபவர்களிடம் என்ன கோளாறு என்று கேட்டு எழுதி, என்ன செலவாகும் என்று சொல்கிற வேலை. சம்பளம் குறைவு. கமிஷன் கிடையாது. ஆறு மாதத்துக்குப் பிறகுதான் நிரந்தரம். நாள் பூராவும் கோபமாக வருபவர்களோடு நிற்க வேண்டும். திரும்பி வந்தால் உன் அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும், அதையும் நான் யோசித்தேன். நீ தனியாக இருந்து பழகிவிட்டாய் என்பதையும் யோசித்தேன். நான் வருவது உனக்கு வேண்டாம் என்றும் இருக்கலாம். அதை மாற்றிச் சொல்ல வைக்க என்னிடம் இப்போது எந்த வாக்கியமும் இல்லை.

யாருக்கும் சரி என்று சொல்லவில்லை. எதிலும் கையெழுத்துப் போடவில்லை. எந்த வீட்டையும் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு எது பிடிக்கும் என்பதை நீ கேட்டால் சொல்கிறேன். கேட்காதவரை எழுதமாட்டேன்.

நீ என்ன சொல்கிறாய்?